இன்னும் இரண்டு கிலோ

"சர்க்கரை போட்டே குடுங்க மேடம். டீயில சர்க்கரை கூடாதுன்னு நான் யார்கிட்டயும் சொன்னதே இல்லை."

"ஊரையே பட்டினி போட்டவங்க நீங்க. உங்களுக்கு ரெண்டு ஸ்பூனா?"

"ஒண்ணு போதும். பட்டினியும் நான் போட்டதில்லை. அது அவங்களா கேட்டு வாங்கிக்கிறது."

"சரி, குடிச்சிட்டு முதல்லேர்ந்து சொல்லுங்க. இந்த ஏட்டு கொஞ்சம் மெதுவாத்தான் எழுதுவார்."

"மெதுவாவே எழுதட்டும். எனக்கு அதுதான் பிடிக்கும்."

உண்மையாகவே பிடிக்கும். மெதுவாகச் செய்தது மட்டும்தான் நிலைத்து நிற்கும் என்று நம்புகிறவள் நான். என் தொழிலுக்குப் பொருந்தாத குணம் அது. உடம்பைக் குறைக்கப் பயிற்சி தருகிறவளிடம் வரும் யாரும், மெதுவாகக் குறைய வேண்டும் என்று கேட்டு வருவதில்லை.

என் கூடத்தை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். ரயில் நிலையத்துக்கு எதிர்த் தெருவில், சலவைக்கடைக்கு மேலே, முதல் மாடி. கீழே இஸ்திரிப் பெட்டிகள் சூடானதும் ஆவி மேலே ஏறி என் ஜன்னல் கண்ணாடிகளை மூடிவிடும். அந்த நேரத்தில் நகராத சைக்கிள்களில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால், பனிமூட்டத்துக்குள் போகும் கப்பலின் பயணிகள் போல எனக்குத் தோன்றும். எல்லோருக்கும் போய்ச்சேர வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. யாரும் அசைவதில்லை. சலவைக்கடை அம்மாவுக்கு இந்தப் பயணிகள் மேல் எப்போதும் கேலிதான். "மேல போற ஜனம் இளைக்குதோ இல்லையோ, என் படிக்கட்டு இளைச்சுப்போச்சு" என்பார்.

ஒரு பல் டாக்டர் வந்தார். கல்லூரியில் கூடப் படித்தவர்கள் எல்லோரும் ஓரிடத்தில் கூடப் போகிறார்களாம். "மிஸ், அடுத்த மாசத்துக்குள்ள என் காலேஜ் கோட்டு எனக்குள்ள போயிடணும். இல்ல, நான் அந்தக் கோட்டுக்குள்ள போயிடணும்" என்றார். பல்லுக்குக் கம்பி கட்டினால் நேராக எவ்வளவு காலம் ஆகும் டாக்டர் என்று கேட்டேன். "அது ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும். அவசரப்பட்டு இழுத்தா வேர் ஆடிடும்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். "புரியுது மிஸ். ஆனா இது பல் இல்லையே."

நான் சொன்னதில் பாதியைக்கூட அவர் கேட்கவில்லை. சாப்பிடாமல் இருந்தார். கோட்டுக்குள் போனார். புகைப்படத்தை எனக்கு அனுப்பினார். அரை வருடம் கழித்து, முன்பைவிடப் பெரிய உடம்போடு அதே படிக்கட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, என் முறை தன்னிடம் வேலை செய்யவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

எல்லோருமே இப்படித்தான். ஒரு பெண் வக்கீல் தண்ணீர் குடிப்பதற்கு முன் ஒரு தடவை, குடித்த பின் ஒரு தடவை எடை பார்ப்பார். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு என்னைக் குறுக்கு விசாரணை செய்வார். கல்யாணத்துக்கு முன் வரும் பெண்கள், கல்யாணத்துக்குப் பின் என்னைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். திரும்ப ஏறிய உடம்பை நான் பார்த்துவிடக் கூடாதாம். என் கையால் குறைந்து, குறைந்தபடியே நின்ற ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை மேடம். இத்தனை வருடம் சுவர் கட்டிய கொத்தனாருக்கு நிற்கிற சுவர் ஒன்றுகூட இல்லையென்றால் அவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால்தான் அந்த விதியைக் கொண்டுவந்தேன். சேரும்போதே வீட்டிலிருக்கும் எடை மெஷினை என்னிடம் ஒப்படைத்துவிட வேண்டும். வேறு எங்கேயும் ஏறிப் பார்க்கக் கூடாது. வாரம் ஒரு முறை, என் கண் முன்னால், என் மெஷினில் மட்டும். படிக்கட்டுக்கு அடியில் வரிசையாக நிற்க வைத்திருக்கும் மெஷின்களை உங்கள் ஆட்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். திருட்டுப் பொருளா என்றுகூட ஒருவர் கேட்டார். இல்லை. அவரவர் விருப்பப்பட்டுக் கொடுத்தது. போகும்போது யாரும் கேட்டு வாங்கிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

மைக் வந்தது போன மழைக்காலத்தில். மைக் என்பது சலவைக்கடை அம்மா வைத்த பெயர். ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்கிறவள் அவள். அவள் முகத்தை யாருக்கும் தெரியாது, குரலை இந்தப் பகுதியில் தெரியாதவர் கிடையாது. தாமதமாக வரும் ரயிலைக்கூட மன்னிக்க வைக்கிற குரல். என் ஜன்னலைத் திறந்தால் அவள்தான் கேட்பாள். பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்த குரலுக்கு உடம்பு முளைத்து என் படிக்கட்டில் ஏறி வந்தது போல இருந்தது.

"எழுபதுக்கு எவ்வளவு சீக்கிரம் வரலாம் அக்கா?" இதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. அப்போது தொண்ணூறைத் தாண்டியிருந்தாள்.

எல்லோரையும் கேட்பது போல அவளையும் கேட்டேன். "எதுக்கு அவசரம்?"

"தம்பிக்கு கிட்னி ரெண்டும் போயிடுச்சு. என்னோடது பொருந்துதாம். ஆனா இந்த உடம்போட என்னை அறுக்க மாட்டேங்கறாங்க. எழுபதுக்கு வாங்க, உடனே தேதி குடுக்கறோம்னு சொல்லிட்டாங்க." பிறகு சிரித்தாள். "மத்தவங்க மாதிரி அழகாகறதுக்கு வரலக்கா. எழுபதுல நிறுத்தி என்னை வெட்டிக்குவாங்க, அவ்வளவுதான்."

தம்பி வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ் மையத்தில் படுத்திருக்கிறான் என்றாள். அவனுக்கு இரத்தக் குழாய்கள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வருகின்றன, ரொம்பக் காலம் இப்படியே ஓட்ட முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மாவும் அப்பாவும் இல்லை. இவள்தான் அவனை வளர்த்தவள்.

நல்ல காரணம்தான். நான் மறுக்கவில்லை. ஆனால் காரணம் நல்லது என்பதற்காக உடம்பு வேறு மாதிரி நடந்துகொள்ளுமா? அவசரமாகப் போனது அவசரமாகத்தான் திரும்பி வரும். அது கோட்டுக்காகப் போனதா, தம்பிக்காகப் போனதா என்று அதற்குத் தெரியாது.

ஆனால் அவள் மற்றவர்களைப் போல இல்லை. அதை நான் உங்களுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். சொன்னதைச் சொன்னபடி செய்தாள். சாப்பிடு என்று சொன்னதைச் சாப்பிட்டாள், விடு என்று சொன்னதை விட்டாள். விடிந்ததும் வருவாள், பயிற்சி முடித்துவிட்டு நேராக வேலைக்குப் போவாள். சிறிது நேரத்தில் அவள் குரல் ஜன்னல் வழியாக வரும். நான் துடைத்துவிட்ட ஒரு கருவியை யாரோ வாசிப்பது போல இருக்கும் எனக்கு. இத்தனை வருடத்தில் அப்படி ஒருத்தி எனக்குக் கிடைத்ததில்லை. கோடைக்குள் எழுபத்திரண்டுக்கு வந்துவிட்டாள்.

இன்னும் இரண்டு கிலோ. இரண்டு மூன்று வாரம். அதற்குப் பிறகு அவள் வர மாட்டாள். ஆஸ்பத்திரியில் படுப்பாள், எழுவாள், தம்பிக்குச் சமைத்துப் போடுவாள், கூடவே தானும் சாப்பிடுவாள். அடுத்த மழைக்காலத்தில் தெருவில் என்னைப் பார்த்து எதிர்ப்பக்கம் போவாள்.

அவள் நிற்க வேண்டும் என்று நினைத்தேன் மேடம். நின்று காட்ட வேண்டும். கொஞ்ச காலம் அங்கேயே இருந்து உடம்புக்கு அது பழகட்டும். எழுபதுக்குக் கீழேயும் கொஞ்சம் போய்விட்டால், திரும்ப ஏறினாலும் தாங்கும். எந்த நல்ல பயிற்சியாளரும் இப்படித்தான் யோசிப்பார்.

உள்ளறையில் இருந்த மெஷின் அவளுக்கு மட்டும் உரியது. வெளியே இருக்கும் மெஷினை நான் தொட்டதே இல்லை, நீங்கள் தாராளமாகச் சோதித்துக்கொள்ளலாம். உள்ளறை மெஷினுக்கு அடியில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதை அழுத்திப் பிடித்தால் இருபது கிலோவை என் மேல் வை என்று கேட்கும். வைத்தால், இதுதான் இருபது கிலோ என்று கற்றுக்கொள்ளும். அதற்காகவே சின்னதும் பெரிதுமாக இரும்பு எடைக்கற்கள் வைத்திருக்கிறேன். ஒரு மதியம், யாரும் இல்லாத நேரத்தில், அந்த அடுக்கிலிருந்து ஒரு சின்னக் கல்லை எடுத்துவிட்டு மிச்சத்தை வைத்தேன். மெஷின் நம்பியது. அதற்கு வேறு வழியில்லை. அன்றிலிருந்து அதில் ஏறுகிற எதுவும் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும்.

அந்த வாரமும் எழுபத்திரண்டு. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அடுத்த வாரத்துக்கு முன் இன்னொரு கல்லை எடுத்தேன். மறுபடியும் எழுபத்திரண்டு.

எடை சில சமயம் அப்படியே தேங்கி நிற்கும். இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லி ஆறுதல் சொல்லியிருக்கிறேன். அதையேதான் அவளுக்கும் சொன்னேன். புதிதாக ஒரு பொய் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

"துணியெல்லாம் லூஸாகுதேக்கா. சீருடையை சலவைக்கடை அம்மாதான் மறுபடி புடிச்சுத் தெச்சுத் தந்தாங்க" என்றாள் ஒரு நாள்.

"கொழுப்பு போய் தசை வருது. தசை கனம். அளவு குறையும், எடை குறையாது" என்றேன்.

அதுவும் உண்மைதான். வேறு யாருக்காவது சொல்லியிருந்தால்.

இன்னொரு நாள் தயங்கித் தயங்கி வந்தாள். தப்பு செய்துவிட்டதாகச் சொன்னாள். நிலையத்தில், இரண்டாவது நடைமேடையில், காசு போட்டால் எடை சொல்லும் பழைய மெஷின் ஒன்று நிற்கிறது. வேலை முடிந்து போகும்போது ஆசையை அடக்க முடியாமல் ஏறிவிட்டாளாம். அறுபத்தாறு என்று காட்டியதாம். "ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணலாம்னு எடுத்துட்டேன். அப்புறம் உங்களைக் கேட்டுக்கிட்டு பண்ணலாம்னு வெச்சுட்டேன்."

என்னைக் கேட்டுக்கொண்டு. அந்தச் சொல் எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அந்த மெஷின் எல்லாருக்கும் குறைச்சுத்தான் காட்டும். அப்பத்தானே சந்தோஷத்துல மறுபடி காசு போடுவாங்க" என்றேன். "இப்ப நீ ஆஸ்பத்திரிக்குப் போய் அங்க எழுபத்திரண்டு காட்டினா என்ன ஆகும்? இவளால முடியாதுன்னு முடிவு பண்ணிடுவாங்க. உன் தம்பியைக் கடைசியில தள்ளிடுவாங்க. தயாரானதும் நானே சொல்றேன்."

தலையாட்டினாள். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டவர்களிடம், இன்னும் கொஞ்சம்தான், முயற்சி செய்கிறேன் என்று சொன்னாள். ஏமாந்த காசை நினைத்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். அன்றிரவு முதல் சாப்பாட்டை அவளாகவே இன்னும் குறைத்துக்கொண்டாள் என்று பின்னால் தெரிந்தது. நான் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எண் அசையவில்லையே என்று அவள் தவித்தாள். எண் அசையாமல் இருக்க நான் கல்லை எடுத்துக்கொண்டே இருந்தேன். ஒருவரை ஒருவர் பார்க்காமல் இரண்டு பேர் ஒரு கயிற்றின் இரு முனைகளை இழுப்பது போல. நடுவில் தம்பி இருந்தான் என்கிறீர்கள். ஆமாம், இருந்தான்.

சலவைக்கடை அம்மா ஒரு நாள் மேலேயே வந்துவிட்டார். "இந்தா பாரும்மா, இதுக்கு மேல புடிக்க அந்தச் சட்டையில துணி இல்லை. உள்ள ஆளும் இல்லை. அந்தப் பொண்ணுக்கு ஏதாவது வாயில போடு" என்றார். படிக்கட்டைப் பற்றிக் கேலி செய்யவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஜன்னல் வழியாக வரும் அவள் குரலிலும் மாற்றம் இருந்தது. "மூன்றாவது நடைமேடையிலிருந்து" என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். அதன் பிறகுதான் "புறப்படும்" வரும். முன்பெல்லாம் ஒரே மூச்சில் ஊர்ப் பெயர்கள் அத்தனையும் சொல்லி முடிப்பாள்.

தம்பி வந்தது ஒரு பிற்பகலில். சொல்லாமல் வந்தான். படிக்கட்டின் நடுவில் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்திருப்பான் போல, கதவைத் தொடும்போது உதடு வெளுத்திருந்தது. ஒல்லியாக, சாம்பல் பூத்த நிறத்தில், சட்டைக் கைக்குள் கட்டுப் போட்ட கையோடு. அக்காவின் முகம் அப்படியே அவனுக்கு.

"நான்தான் மேடம் அந்த கிட்னி இல்லாத ஆளு" என்று அறிமுகம் செய்துகொண்டான். "அக்கா வேலையில இருக்கறப்ப வரணும்னுதான் வந்தேன்."

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். "அதைத் தவிர எது வேணா குடுங்க" என்று சிரித்தான். அவனுக்குத் தண்ணீர் அளந்துதான்.

பிறகு சொன்னான். "மேடம், நிறுத்தச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா. எனக்கு ஒண்ணும் வேணாம். நேத்து அவ தலை சீவறதைப் பார்த்தேன், சீப்பு முழுக்க முடி. என்னைவிட அவதான் நோயாளி மாதிரி இருக்கா. ரெண்டு பேருல ஒருத்தராவது இருக்கணும்ல."

இன்னும் இரண்டு கிலோதான் என்றேன். அதற்கு மேல் விடமாட்டேன் என்றும் சொன்னேன். அவன் சுற்றிலும் பார்த்தான். உள்ளறைக் கதவு திறந்திருந்தது. "அதுதானா அக்காவோட மிஷின்? அதைப் பத்தியே பேசிட்டிருப்பா." நான் பதில் சொல்வதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றுவிட்டான்.

அறுபத்தொன்று காட்டியது.

டயாலிசிஸுக்குப் போகிறவர்களை முன்னும் பின்னும் எடை பார்த்துத்தான் அனுப்புவார்கள். உடம்பில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று அதை வைத்துத்தான் கணக்கு. இந்த ஊரில் தங்கள் எடையைத் துல்லியமாக அறிந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். அது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. கவனக்குறைவுதான்.

இறங்கினான். மறுபடி ஏறினான். "காலையில மையத்துல முடிச்சிட்டு ஏறினப்ப ஐம்பத்திரண்டு மேடம்."

"தண்ணி சேர்ந்திருக்கும்" என்றேன்.

"ஒம்பது கிலோ தண்ணியை வெச்சுக்கிட்டு நான் உங்க படிக்கட்டு ஏற முடியாது மேடம். வழியிலேயே போயிருப்பேன்." மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்ல அவன் முகம் மாறியது. கோபம் வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது, வாய் சிரித்தது. "மிஷின் கோளாறு மேடம். அப்படின்னா அக்கா எப்பவோ எழுபதைத் தாண்டிட்டா. எப்பவோ வந்துட்டா. பைத்தியம் மாதிரி இன்னும் ஓடிட்டிருக்கா."

பழைய மெஷின்தான், கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்றேன். என்னைச் சந்தேகப்பட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. மனிதர்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை அந்தக் குடும்பத்துக்கு.

"இப்பவே போய் சொல்றேன்" என்று செருப்பைத் தேடினான்.

"தம்பி, ஒண்ணு கேக்கலாமா" என்றேன். "இத்தனை மாசம் அவகூட நான் உழைச்சிருக்கேன். இந்த நல்ல செய்தியை நானே அவளுக்குச் சொல்றேனே. காலையில வருவா. மெஷினைச் சரி பண்ணி, அவளை ஏத்தி, அவ கண்ணாலேயே பார்க்க வைக்கறேன்."

கொஞ்சம் யோசித்தான். பிறகு, "நீங்கதான் சொல்லணும் மேடம். நியாயமாப் பார்த்தா அது உங்களுக்குத்தான்" என்றான். "வாயை மூடிட்டு இருக்கறது கஷ்டம். அவ வர்றதுக்கு முன்னாடியே படுத்துக்கறேன்." போகும்போது கதவில் நின்று கையைக் கூப்பினான். மெதுவாக இறங்கினான். நான் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். அவள் ஏதோ ஒரு ரயில் தாமதமாக வருவதற்காக வருந்திக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அவள் வந்தாள். தம்பிக்கு விடியற்காலையிலிருந்து குளிர்காய்ச்சல், அரை மயக்கத்தில் ஏதோ சிரிக்கிறான், ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நேராக இங்கேதான் வருகிறேன் என்றாள். டயாலிசிஸுக்காகக் கையில் போட்ட குழாய் வழியாகத் தொற்று ஏறியிருக்கிறதாம். "எடை மட்டும் பார்த்துடறேன்க்கா. இன்னிக்காவது எழுபது காட்டிட்டா அங்கேயே டாக்டரைப் பார்த்துச் சொல்லிடுவேன்."

மெஷினை நான் சரி செய்திருக்கவில்லை. சரி செய்ய நேரம் இருந்தது. கற்கள் அங்கேயே, அலமாரியில் இருந்தன. அவள் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். ஆனால் அவள் அப்போதும் அவசரத்தில் இருந்தாள் மேடம். வாசலில் ஆட்டோவை நிற்க வைத்துவிட்டு ஒரு எண்ணைப் பார்க்க ஓடி வந்திருந்தாள். அந்த நிலையில் இருப்பவளிடம் எதையும் சொல்லக் கூடாது என்பது என் அனுபவம்.

எழுபத்திரண்டு. பார்த்தாள், தலையாட்டினாள், இறங்கிப் போனாள்.

தம்பி அந்த வாரத்துக்குள்ளேயே போய்விட்டான். கடைசி வரை தெளிவு வரவில்லை என்று சலவைக்கடை அம்மா சொன்னார். அவன் எதையும் யாரிடமும் சொல்லவில்லை என்று அதில் எனக்குப் புரிந்தது. வாக்குக் கொடுத்ததால் சொல்லவில்லையா, சொல்ல முடியாமல் போனதா என்று தெரியாது.

காரியங்கள் எல்லாம் முடிந்து, வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலையில், அவள் என் கூடத்துக்கு வந்தாள். நான் எதிர்பார்க்கவில்லை. வழக்கமான நேரம். வழக்கம் போலச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளறைக்குப் போய் ஏறினாள். என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னும் ரெண்டு கிலோ இருக்கு பாருங்கக்கா." அழவில்லை. "நான்தான் இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணியிருக்கணும். ராத்திரி பசி தாங்காம ரெண்டு மூணு தடவை எடுத்துத் தின்னிருக்கேன். உங்ககிட்டகூட சொல்லல. அதுதான்."

அவள் தோளில் கை வைத்தேன். எலும்பு கையில் தட்டியது. "உன்னால முடிஞ்சதைச் செஞ்ச" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா இவ்வளவு தூரம்கூட வந்திருக்க மாட்டேன்க்கா" என்றாள். எனக்கும் கண் கலங்கியது. அதை நடிப்பு என்று எழுத வேண்டாம். உண்மையாகவே கலங்கியது.

அன்று முற்பகலில் நான் ஜன்னலருகில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். "பயணிகளின் கவனத்துக்கு" என்று ஆரம்பித்தாள். மூன்றாவது நடைமேடை என்றாள். ஊர்ப் பெயர் வரவில்லை. ஏதோ சரியும் சத்தம், பிறகு ஒலிபெருக்கியின் இரைச்சல் மட்டும். நடைமேடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கி, வானத்தைப் பார்ப்பது போல, ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். யாரும் அசையவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரியில் எடை பார்த்திருக்கிறார்கள். மருந்து கொடுப்பதற்காக. அந்த எண்ணைக் கேட்டு அவள் நர்ஸோடு சண்டை போட்டாளாம், உங்கள் மிஷின் தப்பு, எங்கள் அக்காவிடம் கேளுங்கள் என்று. அந்த நிலையிலும் என்னைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறாள்.

மெஷினை மாற்றி வைத்தது நான். வாரா வாரம் மாற்றினேன். அவள் எழுபதைத் தொட்ட வாரம் எனக்குத் தெரியும், கோடையின் நடுவில். அன்றே சொல்லியிருந்தால் தேதி கொடுத்திருப்பார்கள். தம்பி பிழைத்திருப்பான். பிழைத்திருப்பான் என்று ஆஸ்பத்திரி டாக்டர் உங்களிடம் சொன்னதாகச் சொன்னீர்கள், நான் மறுக்கப் போவதில்லை. அவன் வந்து நின்ற பிறகும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் அப்படியே எழுதிக்கொள்ளட்டும், கையெழுத்துப் போடுகிறேன். நான் அவனைக் கொல்ல நினைக்கவில்லை. அவனைப் பற்றி நான் அவ்வளவாக நினைக்கவே இல்லை.

எனக்குக் கவலை அவளைப் பற்றித்தான். இப்போது அவளுக்கு எடை ஏற வேண்டும். குறைப்பதைவிடப் பொறுமையான வேலை அது. ஆஸ்பத்திரியில் அவசரப்படுவார்கள், குழாயைச் செருகி ஊற்றுவார்கள், படுக்கை காலியாக வேண்டுமே. வெறும் சதையாக ஏறும், நிற்காது. அவள் உடம்பை முழுசாகத் தெரிந்தது எனக்கு ஒருத்திக்குத்தான். முதல் முறையாக அவளுக்கு எந்த அவசரமும் இல்லை. யாரும் அவளுக்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை. இப்படி ஒருத்தியைத்தான் நான் இத்தனை வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

"மேடம், உங்ககிட்ட ஒரே ஒரு உதவி. அவ எழுந்து நடக்க ஆரம்பிச்சதும், காலையில வழக்கமா வர்ற நேரத்துக்கு என்கிட்ட வரச் சொல்றீங்களா?"